விடுபட்ட பெண் தத்துவ அறிஞர்களை வகுப்புக்குள் கொண்டுவருதல்: கொங்குப் பகுதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் தத்துவத்தைத் தனிப் பட்டப்படிப்பாக நடத்தும் கல்லூரிகள் அரிது. அதற்காக இங்கே தத்துவம் கற்பிக்கப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்த்துறையில் மணிமேகலையாகவும் சைவ சித்தாந்தமாகவும், அரசியல் அறிவியலில் மேற்கத்திய அரசியல் சிந்தனையாகவும், ஆங்கிலத்துறையில் இலக்கியக் கோட்பாடாகவும், பி.எட். வகுப்பில் கல்வியின் தத்துவ அடிப்படைகளாகவும், பொறியியல் கல்லூரிகளில் தொழில்நெறியாகவும் அது ஒவ்வொரு பருவத்திலும் நம் வகுப்புகளுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தாள்களின் பாடத்திட்டங்களை ஒருசேர எடுத்துவைத்துப் பார்த்தால், அவற்றில் வரும் சிந்தனையாளர்களின் பெயர்கள் ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் பெயர்களாகவே இருப்பதைக் காணலாம். பெண் மாணவர்கள் நிறைந்த வகுப்புகளில் இந்தப் பட்டியலை ஆண்டுதோறும் அப்படியே நடத்திக்கொண்டு போவது எனக்கு உவப்பானதன்று. அதை மாற்ற விரும்பும் ஆசிரியர், புதிய துறையோ புதிய தாளோ வரும்வரை காத்திருக்காமல், கையில் இருக்கும் தாளைக் கொண்டே என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாடத்திட்டத்தைத் திருத்தும்போது பலரும் எளிதாகக் கருதும் வழி, ஐந்தாம் அலகின் கடைசியில் ‘பெண் சிந்தனையாளர்கள்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவது. ஐந்தாம் அலகு எப்போது நடத்தப்படுகிறது என்பது கல்லூரி ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. மாதிரித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், நேரம் போதாமல், நோட்ஸ் கொடுத்து முடிக்கப்படும் பகுதி அது. அங்கே நான்கு பெண்களின் பெயர், பிறந்த ஆண்டு, எழுதிய நூல் என்று அடுக்கினால், மாணவர்கள் மனத்தில் நிற்பது ஒன்றுதான்: தத்துவம் என்பது முதல் நான்கு அலகுகளில் முடிந்துவிட்டது, இவர்கள் பின்னிணைப்பு. ஆகவே என் பரிந்துரை, ஒரு பெண் எந்த வாதத்தில் கலந்துகொண்டாரோ அந்த வாதம் நடத்தப்படும் அதே மணி நேரத்தில், அதே பக்கத்தில் அவரை வைக்க வேண்டும் என்பதே. மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு கடிதத்தைக் கொண்டு தொடங்கலாம்

இதற்கு மிகப் பொருத்தமான தொடக்கம் பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643 மே மாதத்தில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டுக்கு எழுதிய கடிதம். மனம் வேறு, உடல் வேறு, மனத்தின் இயல்பு சிந்திப்பது, உடலின் இயல்பு இடத்தை அடைத்துப் பரந்திருப்பது என்னும் டெக்கார்ட்டின் நிலைப்பாடு எங்கெல்லாம் பாடமாக இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தக் கடிதமும் பாடமாக இருக்க வேண்டும். அப்போது எலிசபெத்துக்கு 24 வயது. குடும்பம் அரசை இழந்து ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்த காலம். அவர் கேட்டது இது: ஒரு பொருள் நகர வேண்டுமானால் வேறொன்று அதைத் தள்ள வேண்டும், தள்ளுவதற்குத் தொடுகை வேண்டும், தொடுவதற்கு இடத்தை அடைக்கும் பரப்பு வேண்டும். மனத்துக்குப் பரப்பே இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். பின் அது உடலை எவ்வாறு அசைக்கிறது?

டெக்கார்ட் உடனே விடை எழுதினார். கனம் என்னும் பண்பு ஒரு பொருளைக் கீழ்நோக்கி நகர்த்துவதை நாம் எண்ணிக்கொள்வதுபோல் இதையும் எண்ணிக்கொள்ளலாம் என்றார். எலிசபெத் அதை ஏற்கவில்லை. உருவமற்ற ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, மனத்துக்கும் பரப்பு உண்டு என்று ஒப்புக்கொள்வதே தமக்கு எளிதாக இருக்கிறது என்று அடுத்த மாதமே திருப்பி எழுதினார். இருவருடைய கடிதப் போக்குவரத்து டெக்கார்ட் 1650இல் இறக்கும் காலம்வரை தொடர்ந்தது. அவர் 1644இல் தம் ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலை எலிசபெத்துக்கே காணிக்கையாக்கினார். உணர்ச்சிகளைப் பற்றி அவர் 1649இல் வெளியிட்ட நூல் எலிசபெத் விடாமல் கேட்ட கேள்விகளிலிருந்து உருவானது.

வகுப்பில் இதை நடத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடிதத்தின் முதற்பகுதியை மட்டும், எழுதியவர் பெயரும் ஆண்டும் இல்லாமல், ஒரே தாளில் ஆங்கிலமும் தமிழுமாக ஜெராக்ஸ் எடுத்து மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் அமைதியாகப் படிக்கவிட்டு, கேள்வி என்ன என்பதை ஒவ்வொருவரும் இரண்டு வரியில் சொந்தச் சொற்களில் எழுதச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டத்தில் ஆசிரியர் விளக்கம் தரத் தொடங்கிவிட்டால் பயிற்சி கெட்டுவிடும். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எட்டாத கேள்வி அன்று. “ஏனுங்க, மனசுக்குத்தான் கையும் இல்லீங்க, காலும் இல்லீங்களே, அப்புறம் எப்படிங்க அது ஒடம்பத் தள்ளும்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டால், அவர் எலிசபெத்தின் தடையை முழுதாகப் பிடித்துவிட்டார் என்று பொருள். அதை அப்படியே கரும்பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகு டெக்கார்ட்டின் விடையைப் படித்து, அது கேள்விக்கு விடையா, கேள்வியைத் தள்ளிப்போடும் முயற்சியா என்று வகுப்பை இரண்டு பக்கமாகப் பிரித்து வாதிடவிட வேண்டும். எலிசபெத்தின் மறுப்பை மூன்றாவதாகப் படிக்க வேண்டும். பெயரைச் சொல்வது இறுதியில்தான்.

பெயரைச் சொன்னவுடன், இவ்வளவு கூர்மையான கேள்வியைக் கேட்டவர் ஏன் நம் பாடநூலில் இல்லை என்று யாராவது கேட்பார்கள். அதற்கு உண்மையான, சுவையான விடை இருக்கிறது. டெக்கார்ட் இறந்தபின் எலிசபெத்தின் கடிதங்களையும் சேர்த்து வெளியிட அனுமதி கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். ஆகவே டெக்கார்ட்டின் கடிதங்கள் மட்டும் அச்சேறின. எலிசபெத்தின் பக்கம் 1879இல்தான் நூலாக வந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பா விடைகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தது. இவ்வாறு விடுபட்டவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆன் கான்வே எழுதிய நூல் அவர் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1690இல், அவர் பெயரே இல்லாமல் லத்தீனில் வெளிவந்தது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிஸ் அவரைப் பாராட்டி எழுதியிருந்தும் வரலாற்று நூல்கள் அவரை விட்டுவிட்டன. அதே நாட்டின் மேரி ஆஸ்டெலும் தம் முதல் நூலை 1694இல் பெயரிடாமலேயே வெளியிட்டார். பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்ததால் கடிதமே பல பெண்களுக்கு வகுப்பறையாகவும் ஆய்விதழாகவும் இருந்தது. கடிதத்தைத் தத்துவ நூலாகக் கருதாத பிற்கால வரலாற்று ஆசிரியர்கள் அதை எழுதியவர்களையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள்.

இந்தப் பின்னணியைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். டெக்கார்ட்டை நடத்தும்போது அவர் யாரை விரும்பினார், எந்த வீட்டில் தங்கினார் என்று நாம் தொடங்குவதில்லை. பெண் தத்துவ அறிஞரை மட்டும் கணவர், காதலர், துயரம், தியாகம் என்று அறிமுகப்படுத்தினால், மாணவர் நினைவில் கதை நிற்கும், வாதம் நிற்காது. வாதத்தை முதலில் நடத்திவிட்டு வாழ்க்கையைப் பிறகு இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.

எந்தத் தாளில் யாரைச் சேர்க்கலாம்

பி.எட். வகுப்பில் ரூசோ குழந்தைக் கல்வி பற்றி எழுதிய ‘எமில்’ நிச்சயம் இருக்கும். 1762இல் வெளிவந்த அந்நூலின் ஐந்தாம் பகுதியில், எமிலுக்குத் துணைவியாக வரவிருக்கும் சோஃபியின் கல்வி ஆணுக்கு உகந்தவளாக, ஆணுக்குப் பயன்படுபவளாக அவளை ஆக்குவதற்கே என்று ரூசோ எழுதுகிறார். நம்முடைய கைடுகள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் எழுதிய பெண்ணுரிமை நூலின் ஐந்தாம் அத்தியாயம் ரூசோவின் வரிகளை எடுத்துவைத்தே மறுக்கிறது. அறிவு மனித இனத்துக்குப் பொது என்றால் அதை வளர்க்கும் கல்வியும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. நாளைக்கு ஆசிரியர்களாகப் போகும் இளம்பெண்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் சோஃபியை மறைத்து ரூசோவைக் குழந்தைகளின் தோழராக மட்டும் காட்டுவது முழுமையான பாடம் ஆகாது. இரண்டையும் ஒரே நாளில் நடத்துவதற்குக் கூடுதல் நேரம்கூடத் தேவைப்படாது.

பொறியியல் கல்லூரிகளில் வேலை இன்னும் எளிது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொழில்நெறித் தாளில், ஒழுக்க வளர்ச்சியைப் படிப்படியாக அளந்த உளவியலாளர் கோல்பர்க்கின் கோட்பாட்டுக்கு அடுத்ததாகக் கில்லிகனின் கோட்பாடு பல ஆண்டுகளாக இடம்பெற்றிருந்தது. அதைப் பத்து வரிக் குறிப்பாக முடித்துவிடாமல், கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில் வரும் இரண்டு பதினொரு வயதுக் குழந்தைகளின் விடைகளை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். சாகக்கிடக்கும் மனைவிக்காக மருந்தைத் திருடலாமா என்ற கேள்விக்குச் சிறுவன் உயிரா சொத்தா என்று கணக்குப் போட்டுத் திருடலாம் என்கிறான். சிறுமியோ, திருடவும் கூடாது, மனைவி சாகவும் கூடாது, மருந்துக்கடைக்காரரிடம் பேச வேறு வழி இருக்கும் என்கிறாள். கோல்பர்க்கின் அளவுகோல் சிறுமியின் விடையைத் தாழ்ந்த படியில் வைக்கிறது. அந்த அளவுகோல் சிறுவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்விலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லிவிட்டு, படி தாழ்ந்ததா, அளவுகோல் குறைபட்டதா என்று கேட்டால் வகுப்பு தானாக நடக்கும். ஓட்டுநரில்லாக் காரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்லும் டிராம் வண்டிச் சிக்கலும் (ஐவரைக் காப்பாற்ற வண்டியை ஒருவர்மேல் திருப்பலாமா என்ற கேள்வி) ஃபிலிப்பா ஃபுட் 1967இல் ஒரு கட்டுரையில் முன்வைத்ததே. அதற்கு இன்று வழங்கும் பெயரைக் கொடுத்தவர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன். இந்த இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதுவதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் வேண்டியதில்லை.

திருப்பூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த கல்லூரிகளில் பொருளியல், அரசியல் அறிவியல், சமூகப்பணி நடத்துபவர்களுக்கு நான் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்லை அழுத்தமாகப் பரிந்துரைப்பேன். தத்துவ ஆசிரியராக இருந்த அவர் பணியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்ட் வரை பாரிஸ் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின்முன் வேலை செய்தார், அன்றாடம் குறிப்பெழுதினார். தொழிலாளியை அடிமையாக்குபவை இரண்டு என்றார்: வேகமும் கட்டளையும். கூலிக்குரிய எண்ணிக்கையை எட்ட வேண்டுமானால் சிந்தனையைவிட வேகமாகக் கை ஓட வேண்டும், ஆகவே சிந்தனையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்டது. பனியன் கம்பெனியில் விடுமுறைக் காலத்தில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்த மாணவர்களும், அம்மா ஓவர்லாக் மெஷினில் இரவு ஷிப்ட் பார்ப்பதைக் கண்டு வளர்ந்த மாணவர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தொழிலாளி தன் உழைப்பிலிருந்தே அந்நியப்பட்டுப் போகிறான் என்னும் மார்க்ஸின் அந்நியமாதல் கருத்தை நடத்தும் அலகில் வெய்லின் குறிப்புகளிலிருந்து ஒரு பக்கத்தைச் சேர்த்து, அவர் சொல்வது தங்களுக்குத் தெரிந்த வேலைக்குப் பொருந்துகிறதா, எங்கே பொருந்தவில்லை என்று எழுதச் சொன்னால், தத்துவம் தங்களைப் பற்றியும் பேசும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். இத்தகைய கட்டுரைகளை வகுப்பில் உரக்க வாசிக்கும் முன் எழுதியவரின் இசைவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இயற்பியல் துறையில் நியூட்டனின் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த எமிலி து ஷாத்தலேயையும், தருக்கம் நடத்தும் இடங்களில் ஆங்கிலேயத் தருக்க அறிஞர் சூசன் ஸ்டெப்பிங்கையும் சேர்க்கலாம். பெண்கள் பெண்ணுரிமையைப் பற்றி மட்டுமே சிந்தித்தார்கள் என்ற எண்ணம் மாணவர்களிடம் படியாமல் இருக்க இத்தகையோர் கட்டாயம் வேண்டும்.

தமிழ் மூலங்களைக் கையாளும்போது

தமிழ்த்துறை நண்பர்களுக்கு நம் கையிலேயே வளமான மூலங்கள் உள்ளன. ஆனால் மூன்று வகையினரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தாமே நூல் எழுதிய பெண், பிறர் நூலில் பேச்சு பதிவாகியிருக்கும் பெண், ஆண் புலவர் படைத்த பெண் பாத்திரம் ஆகிய மூவரும் மாணவருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். காரைக்கால் அம்மையார் முதல் வகை. அற்புதத் திருவந்தாதியில் “அறிவானுந் தானே அறிவிப்பான் தானே, அறிவாய் அறிகின்றான் தானே” என்று தொடங்கும் வெண்பா, பக்திப் பாடலாக மட்டும் உரை சொல்லி விடப்படுகிறது. அறிபவன், அறிவிப்பவன், அறிவு, அறியப்படும் மெய்ப்பொருள் என்று நான்கையும் பிரித்து நிறுத்திவிட்டு நான்கும் அவனே என்று முடிக்கும் அந்தப் பாடல் அறிவைப் பற்றிய ஒரு நிலைப்பாடு. ஞாதுரு (அறிபவன்), ஞானம் (அறிவு), ஞேயம் (அறியப்படுவது) என்று சித்தாந்த வகுப்பில் நடத்தும்போது அம்மையாரை அங்கே மேற்கோள் காட்டாமல் போவதற்குக் காரணமே இல்லை.

பிருகதாரண்யக உபநிடதத்தில் முனிவர் யாக்ஞவல்கியரோடு அவையில் வாதிடும் கார்கி இரண்டாம் வகை. மேலும் கேட்டால் உன் தலை விழும் என்று யாக்ஞவல்கியர் சொன்னதோடு அவர் அடங்கிவிட்டார் என்றே பலரும் நடத்துகிறோம். அது மூன்றாம் அத்தியாயத்தின் ஆறாம் பிராமணத்தில் (உட்பிரிவில்) வருகிறது; அதே அத்தியாயத்தின் எட்டாம் பிராமணத்தில் கார்கி மீண்டும் எழுந்து, வில்லில் பூட்டிய இரண்டு அம்புகளைப்போல் இரண்டு கேள்விகளுடன் வருகிறார். அவையில் யாக்ஞவல்கியரை யாராலும் வெல்ல முடியாது என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. ஆறாம் பிராமணத்தோடு நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் வகையில் மணிமேகலையும் நீலகேசியும் வருகிறார்கள். மணிமேகலையின் 27ஆம் காதை வஞ்சி மாநகரில் நடக்கிறது. அந்த வஞ்சி நம் கரூரே என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு, கொடுங்கல்லூர் என்போரும் உண்டு. கரூர்க் கல்லூரியில் இக்காதையை நடத்துபவர் இதைச் சொல்லித் தொடங்கலாம். ஆண் தவசியின் வடிவில் சமயவாதிகளைக் கேட்டுக்கொண்டே வரும் மணிமேகலை, கண்ணால் கண்டதே பிரமாணம் (அறிவுக்குச் சான்று) என்னும் பூதவாதியிடம் (உலகாயதரிடம்), உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வகையில் அறிவாய் என்று கேட்கிறாள். அளவைகள், அதாவது இத்தகைய பிரமாணங்கள், பற்றிய பாடத்துக்கு இதைவிடக் கூரான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். பெண் வாதிட ஆண் வடிவம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் விவாதிக்கலாம். ஆயினும் இது சாத்தனாரின் படைப்பு. இதைக் காட்டிப் பெண் தத்துவ அறிஞர் ஒருவரைச் சேர்த்துவிட்டோம் என்று கணக்கை முடித்துவிடக் கூடாது. சமணக் காப்பியமான நீலகேசியை நடத்துபவர்களுக்கு விஜயமங்கலம் சமணக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு நாள் மாணவர்களை அழைத்துச் செல்லலாம்.

ஈரோட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1925இல் ஈரோட்டில் தொடங்கிய குடி அரசு இதழில் நீலாவதி, குஞ்சிதம் போன்ற பெண்கள் திருமணம், கல்வி, பெண் விடுதலை பற்றி எழுதினார்கள். பெரியாரின் தங்கை கண்ணம்மாள் அதன் வெளியீட்டாளராக இருந்து, 1933இல் ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாருடன் சேர்ந்து கைதானார். பெரியாரின் பெண் விடுதலைக் கருத்துகளைப் படிக்கும் மாணவர்கள் அவரோடு எழுதிய இந்தப் பெண்களைப் படிப்பதில்லை. ஆண்கள் எல்லாரும் சுதந்திரராகப் பிறக்கிறார்கள் என்றால் பெண்கள் எல்லாரும் அடிமைகளாகப் பிறப்பது எப்படி என்று மேரி ஆஸ்டெல் 1706இல் கேட்டார். அந்தக் கேள்வியையும் சுயமரியாதை இயக்கப் பெண் ஒருவரின் கட்டுரையையும் அருகருகே வைத்து, யார் எந்த முற்கோளிலிருந்து எந்த முடிவுக்குப் போகிறார் என்று எழுதச் சொல்வது முதுகலை மாணவருக்கு நல்ல ஆய்வேடாகும்.

பாடத்திட்டமும் வினாத்தாளும்

இணைவு பெற்ற கல்லூரி ஆசிரியருக்குப் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை இல்லை. ஆயினும் அகமதிப்பீடு அவர் கையில் இருக்கிறது. ஒப்படைப்பு, கருத்தரங்கு, உள்தேர்வு ஆகிய மூன்றிலும் மேலே சொன்னவர்களை இந்தப் பருவத்திலேயே சேர்த்துவிடலாம். தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பவர்கள் பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, சேர்க்க வேண்டியதோடு எதை நீக்கலாம் என்பதையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். நேரம் எங்கே என்ற கேள்விக்கு விடை இல்லாத திட்டம் அங்கே நிற்காது. மூல நூலின் பகுதியைப் பார்வை நூல் பட்டியலில் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். பக்க எண்ணோடு பாடப் பகுதியாகவே போட வேண்டும். பகுதிகளைத் தேடுவதும் இன்று கடினமன்று. ட்யூக் பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் வாக்ஸ் தளமும், ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழில் இல்லாதவற்றை ஆங்கிலத்துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து அமர்ந்து இரண்டு பக்கம் இரண்டு பக்கமாக மொழிபெயர்க்கலாம். நூல் முழுவதும் தமிழில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வினாத்தாளில் வராதது வகுப்பில் நிலைக்காது. ஆகவே வினா வங்கிக்கு அனுப்பும் கேள்வியின் வடிவத்தில் கவனம் வேண்டும். ‘எலிசபெத் – சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்டால் மாணவர் பிறந்த ஊரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வார். ‘மனமும் உடலும் வேறு என்னும் டெக்கார்ட்டின் கருத்துக்கு எலிசபெத் எழுப்பிய தடையை விளக்கி, டெக்கார்ட்டின் விடை அதைத் தீர்க்கிறதா என ஆராய்க’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் எலிசபெத் இல்லாமல் டெக்கார்ட்டையும் எழுத முடியாது. இத்தகைய கேள்வியோடு விடைக்குறிப்பையும் விரிவாக எழுதி அனுப்ப வேண்டும். மையத் திருத்தத்தில் அமரும் வேறொரு கல்லூரி ஆசிரியர் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். விடை தீர்க்கிறது என்று எழுதியவருக்கும் தீர்க்கவில்லை என்று எழுதியவருக்கும், காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் உண்டு என்று அந்தக் குறிப்பில் தெளிவாக எழுதிவையுங்கள்.